கொன்றையின் அடுத்த கதை

“ஆன்ட்டி, உங்க கதையெல்லாம் நான் படிக்க மாட்டேன். அது சின்னப் பசங்களுக்கு.”

“அப்ப நீ?”

“எனக்குப் பன்னெண்டு வயசு.”

சிறுவர் நாவல்களால் பெயர் பெற்ற மரகதவல்லி, நறுமுகையின் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்த அன்று அந்தச் சிறுமி அப்படிச் சொன்னாள். இரண்டு வருடமாகியும் அந்த ‘ஆன்ட்டி’ மாறவில்லை. மரகதவல்லிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று புத்தகக் கண்காட்சியில் கையெழுத்து வாங்க நின்ற பிள்ளைகளுக்கு நடுவே நறுமுகையும் நின்றாள். அவள் கொண்டுவந்து மேஜையில் அடுக்கிய மரகதவல்லியின் நாவல்கள் எல்லாமே படித்துப் படித்து முனை மழுங்கியிருந்தன.

“என்னன்னு எழுதட்டும்?” மரகதவல்லி முதல் புத்தகத்தைத் திறந்தாள்.

வரிசை முழுவதற்கும் கேட்கும்படி நறுமுகை சொன்னாள்:

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உங்க கதாநாயகி கொன்றை எல்லாக் கதையிலயும் அம்மா இல்லாம தனியாவே சுத்துறா. அடுத்த கதையில அவளுக்கும் ஒரு சித்தி வேணும், சித்தி.”