ஜன்னலோர பெஞ்சு

பிளஸ் டூ துணைத்தேர்வு நடக்கும் பள்ளி வாசலில் தர்ஷினி ஸ்கூட்டியை நிறுத்தினாள். பின்னாலிருந்து அம்மா கலாவதி இறங்கினாள்.

"ஹால் டிக்கெட் எங்கடி?"

"பையில இருக்குதும்மா."

"பேனா?"

"ரெண்டு வெச்சிருக்கேன்."

கலாவதி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அதோ, அந்த ஜன்னலோர பெஞ்சுதான் எங்களுது. நானும் ஜோதியும் பிள்ளையார்பாளையத்துல இருந்து கதை பேசிக்கினே நடந்து வருவோம். பத்தாவதோட எனக்குக் கல்யாணம் பண்ணிட்டாங்க."

"தெரியும்மா. எத்தினி வாட்டி சொல்லுவ?"

மணி அடித்தது. இருவரும் கேட்டை நெருங்கினார்கள்.

"பரீட்சை எழுதுறவங்க மட்டும் உள்ள போங்க. பெத்தவங்க வெளியில இருங்கம்மா" என்றார் வாட்ச்மேன்.

தர்ஷினி பையைக் கழற்றி அம்மாவின் தோளில் மாட்டினாள்.

"எழுதப் போறதே அவங்கதாங்க. ஓப்பன் யூனிவர்சிட்டியில தபால்ல பி.ஏ. முடிச்சிட்டு எம்.ஏ. சேரப் போனாங்க. பிளஸ் டூ இல்லாத பி.ஏ. செல்லாது, அதை எழுதிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

வாட்ச்மேன் வழிவிட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தாமதமாக வந்த மாணவியைப் போல கலாவதி அந்த ஜன்னலை நோக்கி ஓடினாள்.

"அம்மா, அங்க இல்ல" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் தர்ஷினி. "உன் ரூம் மாடியில."