பிக்கப் வண்டியின் இடது கதவு

டிங்கரிங் பட்டறையில் ஒரு பழைய பிக்கப் வண்டியின் கேபினைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இடது கதவில் கையகலத்துக்குப் பள்ளம் இருந்தது.

"என்னைப் பள்ளத்தில் அப்பி மேலே பெயின்ட் அடித்தால் யாருக்குமே தெரியாது" என்றது பட்டி டப்பா.

"எனக்குத் தெரியுமே" என்றது கதவு.

"அப்படியானால் நான் தட்டி எடுக்கிறேன், வலிக்கும்" என்றது சின்னச் சுத்தியல்.

"துருப்பிடித்த தகரம் நான். கிழிந்துவிட்டால் காயலான் கடைதான்."

"கிழியவிட மாட்டேன்."

மூன்று நாட்கள் சுத்தியல் உள்பக்கமிருந்து பொட்டுப் பொட்டாகத் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் நின்று, "தாங்குகிறதா?" என்று கேட்டது. "தாங்குகிறது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கதவு.

நான்காம் நாள் பட்டி டப்பா கதவில் மேலும் கீழும் தேடிப் பார்த்தது.

"அடேயப்பா! பள்ளம் எங்கே இருந்தது?"

கதவு யோசித்தது. "எனக்கே தெரியவில்லை."