மூன்று நாள் மருந்து

"பொய் சொல்லாதீங்கம்மா. மருந்தக் கழுவிட்டீங்க. இல்லாட்டி ஒரே நாள்ல எப்படிக் காணாமப் போகும்?"

டயகமவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிஸ்பென்சரியில், றிஷாத் நோயாளிகளின் பதிவுக் கோப்பை மேசைமேல் எறிந்தான்.

ராக்காயி கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து பனிநீர் சொட்டியது.

"நான் ஏன் சார் கழுவணும்? இது என் காலு. புண்ணு ஆறணும்னு உங்களவிட எனக்குத்தான் அவசரம்."

கொழும்பு ஆய்வுகூடத்தில் றிஷாத் நான்கு வருடம் உழைத்துச் செய்த மருந்து அது. குளிர்பெட்டியில் தண்ணீராக இருக்கும். புண்ணில் விட்டால் உடம்புச் சூட்டில் ஜெல்லாக இறுகி, மூன்று நாள் அங்கேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள் காலில் புண்ணோடு தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை.

பதினான்கு பேருக்குப் போட்டதில் பதினொரு பேருக்கு மறுநாளே கட்டுத்துணி ஊறி, புண்ணில் ஒன்றுமே இருக்கவில்லை.

"முப்பத்தேழு டிகிரியில ஒரு வாரம் வச்சுப் பாத்தோம். அசையவே இல்ல. இங்க மட்டும் எப்படிக் கரையுது? சொன்னபடி கேக்காத ஆக்கள வச்சு ஆராய்ச்சி பண்ண ஏலாது. இன்னைக்கோட இந்தத் தோட்டத்துல நிப்பாட்டுறேன்."

ராக்காயிக்கு முகம் சிவந்தது.

"சொன்னா எங்களுக்கு வெளங்காதுன்னு நெனச்சிட்டீங்க, இல்ல? கட்டப் பிரிக்காதன்னீங்க, பிரிக்கல. தண்ணி படக்கூடாதுன்னீங்க, பொலித்தீன் பையச் சுத்திக்கிட்டுத்தான் மலைக்குப் போனேன். பதினொரு பொம்பளைங்களும் கூடிப் பேசி பொய் சொல்றோமா? நீங்க பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவீங்க சார். எங்க அண்ணிக்கு இத்தனூண்டு புண்ணுதான். கடைசியில முழங்காலோட எடுத்தாங்க."

றிஷாத் குளிர்பெட்டியை மூடப் போனான். அவள் விடவில்லை.

"இத்தன வாரத்துல ஒரு தடவையாச்சும் எங்க காலத் தொட்டுப் பாத்தீங்களா? நர்ஸ் மிஸ்ஸிதான் கட்டுறாங்க, மிஸ்ஸிதான் பிரிக்கிறாங்க. நீங்க கடதாசியத்தானே பாக்குறீங்க!"

"அப்ப மூணு பேருக்கு மட்டும் எப்படி நின்னிச்சு?" அவனும் குரலை உயர்த்தினான்.

கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் பிரியந்தி, கோப்பைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"சார்... இந்த மூணு பேருமே மலைக்குப் போறவங்க இல்ல. அழகுமுத்து ஃபேக்டரியில, தேயிலை காயுற அடுப்புகிட்ட. பேச்சியம்மா பங்களாவுல சமையல். ராசம்மா பிள்ளை மடுவத்துல கொழந்தைங்களப் பாத்துக்கிறாங்க."

"அதுக்கென்ன?"

ராக்காயி வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். காலில் சுற்றியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து, காலை அவன் முன்னால் நீட்டினாள்.

"தொடுங்க சார். தொட்டுட்டு அப்புறமா என்னப் பொய்க்காரின்னு சொல்லுங்க."

றிஷாத் தொட்டான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

மருந்துப் பெட்டியின் குளிரை அளக்கும் கருவியை எடுத்து அவள் பாதத்தில் வைத்தான். விடிந்ததிலிருந்து பனியில் நின்ற கால். எண் இறங்கி இறங்கிப் பத்தொன்பது டிகிரியில் நின்றது.

இருபத்தெட்டுக்குக் கீழே போனால் மறுபடியும் தண்ணீராகிவிடும்படி அந்த ஜெல்லைச் செய்திருந்தவன் அவன்தான்.