எண்கள் மேலே தெரிய

மாலை வெயில் கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறது. பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்விட்ட லாரி டிரைவரின் உதட்டில் அவர் மனைவி மவுத் ஆர்கனை வைத்துப் பிடித்திருக்கிறாள். தானாகப் பழகியவர் அவர். முதல் நாளே தலைகீழாகப் பிடித்தார். மேல்தகட்டில் பொறித்த எண்கள் அடியில் போக, இடப்பக்கம் இருக்க வேண்டிய கனத்த சுரங்கள் வலப்பக்கம் வர, முப்பது வருடமும் அப்படியேதான் வாசித்தார். அடுப்படியிலிருந்து காதால் கேட்டவளுக்கு அது தெரியாது. எண்கள் மேலே தெரியும்படி பதவிசாகப் பிடித்துக்கொண்டு, "ஊதுங்க, எப்பவும் வாசிப்பீங்களே, அது" என்கிறாள். கோணிய வாயில் பாதிக் காற்று ஒழுகுகிறது. மீதியில் பாட்டு ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறது. இடது கை எழுந்து மவுத் ஆர்கனின் ஓரத்தைப் பற்றிப் புரட்டப் பார்க்கிறது. "தட்டிவிடாதீங்க, நான் சரியாத்தான் புடிச்சிருக்கேன்." மறுபடி ஊதுகிறார், மறுபடி அதே அலங்கோலம். கை மறுபடி எழுகிறது. அவள் முகம் தொங்கிப்போகிறது. "இதுவுமா மறந்துபோச்சு உங்களுக்கு?" தொண்டையிலிருந்து ஒரு முனகல் வருகிறது. "சரி, வேணாம், விடுங்க." அவர் கடைவாய் எச்சிலைத் துடைக்கிறாள், பிறகு மவுத் ஆர்கனைத் துடைக்கிறாள், எண்கள் மேலே தெரிய அதன் பெட்டியில் வைத்து மூடி அலமாரிக்குக் கொண்டுபோகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், வெறும் காற்றில், அந்த இடது கை புரட்டிக்கொண்டேயிருக்கிறது.