மண்டை ஓட்டுத் தாலாட்டு

"மண்டை ஓடா? தாலாட்டுப் பாட்டுக்கு மண்டை ஓடா?"

டிசைனர் அக்கா போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த விற்பனை மேனேஜர் டம்ளரும் கையுமாக ஓடி வந்தார்.

எதிர் நாற்காலியில் 'இடி' உட்கார்ந்திருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மேடையில் அவன் கத்துகிற கத்தலுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் இது. கறுப்புச் சட்டை, கழுத்தில் சங்கிலி, மழிக்காத தாடி. ஆனால் இன்றைக்கு என்னவோ பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

அவனுடைய ஆல்பங்களுக்கெல்லாம் அட்டை போட்டது அக்காதான். மண்டை ஓடு, நெருப்பு, ரத்தம் சொட்டுகிற எழுத்து. கடையில் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே 'காது மேல் ஆசை இருப்பவர்கள் கிட்டே வராதீர்கள்' என்று அந்த அட்டை சொல்ல வேண்டும். சொல்லிற்று. சக்கைப்போடு போட்டது.

இந்த முறை அவன் பாடிக் கொண்டுவந்ததோ தாலாட்டு. ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். முதல் பாட்டு முடிவதற்குள் அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே வரைய உட்கார்ந்தாள். இளநீல வானம். பிறை நிலா. நிலாவின் நுனியில் தொங்கும் சின்னத் தொட்டில். இத்தனை வருஷம் ரத்தம் சொட்டச் சொட்ட வரைந்த கைக்கு ஒரு பாவமன்னிப்பு மாதிரி இருந்தது. நாளைக்கு யாராவது 'என்னத்தைக் கிழித்தாய்' என்று கேட்டால் காட்டுவதற்கு இது ஒன்று போதும்.

சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இப்போது வந்து உட்கார்ந்துகொண்டு இந்தக் கூத்து!

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா வேணாம். பழையபடி கறுப்பு அட்டை, மண்டை ஓடு. அதையே போட்டுடுங்க."

மேனேஜர் டம்ளரை மேஜையில் வைத்தார். "தம்பி, அட்டையைப் பார்த்துத்தானப்பா கையில எடுப்பாங்க? நிலாவைப் போட்டா பிள்ளை பெத்த வீடெல்லாம் வாங்கும். மண்டை ஓட்டைப் போட்டா யார் வாங்குவா? உன் ரசிகன் வாங்குவான். ஆடலாம்னு போட்டுக் கேட்டு, அப்படியே தூங்கிடுவான். முழிச்சதும் நம்மளை வந்து உதைப்பான்."

"உதைக்கட்டும் சார்."

"சரி, தாலாட்டுன்னு கொட்டை எழுத்துல ஒரு வரியாவது..."

"அந்த வார்த்தையே வேணாம் சார். பின்பக்கம் பொடி எழுத்துலகூட வேணாம்."

"அப்புறம் கடைக்காரன் இதை எந்த அலமாரியில வைப்பான்?"

"கத்துற பாட்டோடவே வைக்கட்டும்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "பட்டுப்புடவையைச் சாக்குல கட்டி விக்கச் சொல்றான். நீங்களாச்சு, அவனாச்சு. எந்த அட்டையை அனுப்புறீங்களோ, அதை அடிச்சுடுறேன்." டம்ளரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா கதவைச் சாத்தினாள். இனி அவள் வாய்க்குத் தடுப்பு கிடையாது.

"ஏன்டா, இமேஜ் போயிடுமோன்னு பயமா? இடி இப்படி மெத்துனு பாடிட்டானேன்னு நாலு பசங்க சிரிச்சுடுவாங்களோ?"

அவன் கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டிருந்தான். அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"தெரியும். அதேதான். வீம்பு! நான் நிலாவைத்தான் அனுப்பப் போறேன். உனக்குக் கோபம்னா போய் மேடையில கத்திக்கோ. தூங்காத பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு விடிய விடிய நடந்தவளுக்குத்தான் இந்தப் பாட்டோட அருமை தெரியும். உனக்கென்ன, கல்யாணமா காட்சியா?"

"கல்யாணம் ஆயிடுச்சுக்கா."

மவுஸின் மேல் இருந்த அவள் விரல் நின்றது.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆகுது. வெளியே சொன்னா ரசிகைங்க போயிடுவாங்கன்னு மேனேஜர் சார்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னாரு. ஒரு பொண்ணு பிறந்தா. அவளுக்குப் பாடினதுதான் இது எல்லாமே."

"அடப்பாவி! என்கிட்டகூடச் சொல்லலையே!" அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப அவளுக்காகவாவது நிலாவைப் போட வேணாமாடா? நாளைக்கு அவ வளர்ந்து, 'என்னப்பா, என் பாட்டுக்குப் போய் மண்டை ஓட்டைப் போட்டு வெச்சிருக்கே'ன்னு கேட்டா மூஞ்சியை எங்கே வெச்சுக்குவே?"

அவன் திரையில் இருந்த தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாட்டை வெளியே விடலாம்னு சொன்னது அவளைப் பெத்தவதான்க்கா. உலகத்துல ஏதாவது ஒரு மூலையில இது ஒலிச்சுக்கிட்டே இருக்கணுமாம். எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரலை."

"என்னடா சொல்றே?"

"நிலாவைப் பார்த்தா யாராவது ஒரு அம்மா ஆசையா வாங்கிட்டுப் போய்த் தொட்டில் பக்கத்துல போட்டுடுவாங்க. பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா வேணாம்க்கா... இதைக் கேட்டுத் தூங்கின பிள்ளை எழுந்திருக்கலை."