ஏழு பொட்டலம்

"வயல்ல வெறுங்காலோட நிக்கிறதால வந்தது. கொக்கிப்புழு உள்ள இருந்து ரத்தத்தை உறிஞ்சுது. தினம் ஒரு பொட்டலம், ஏழு நாளைக்கு" என்றார் திருப்பத்தூர் டாக்டர். பிறகு முத்தழகைப் பார்த்துக் கேட்டார்:

"மாசமா இருக்கியாம்மா? இருந்தா இதைத் தொடக் கூடாது. கரு தங்காது."

முத்தழகு இல்லையென்று தலையசைத்தாள்.

"அதுக்குத்தானே டாக்டரய்யா அஞ்சு வருசமா தவங் கெடக்கோம்" என்றாள் மாமியார் பொன்னுத்தாயி. "ஒடம்புல ரத்தம் ஊறட்டும். அதுவும் தங்கும்."

ஒக்கூருக்குத் திரும்பியதும் முத்தழகு பொட்டலங்களைக் கூரை ஓலைக்குள் செருகிவைத்தாள். மாமியார் கேட்டதற்கு, "சாப்பிட்டேன் அயித்தே" என்றாள். பொன்னுத்தாயியும் மேற்கொண்டு கேட்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது கருப்பட்டி தூக்கலாகப் போட்டுப் பால் மட்டும் ஆற்றிக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு முத்தழகு மாமியார் காலில் விழுந்தாள்.

"அயித்தே, இன்னியோட மூணு மாசம் முடிஞ்சிருச்சு. முன்னே ரெண்டு தடவையும் வெளிய சொன்ன மறுவாரமே கலைஞ்சுபோச்சு. அதான் இந்தத் தடவை டாக்டருகிட்டக்கூட வாயத் தொறக்கல. மருந்தத் தொடவே இல்ல. கூரையிலதான் இருக்கு."

பொன்னுத்தாயி அவளைத் தூக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அங்க இல்ல தாயி. நீ ஒளிச்சு வச்சத அன்னைக்கே பாத்துட்டேன். கசப்புக்குப் பயந்துட்ட போலன்னு நெனச்சு, தினம் ஒண்ணாப் பால்ல கலந்து குடுத்தேன்."

கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"நேத்தோட ஏழும் தீந்துபோச்சு."