இயற்றியவர்: எல். பிங்க்னி

பெலிகன் இசைத்தட்டு நிறுவனம் பதினொரு ஆண்டுகளில் நூற்று நாற்பது தட்டுகளை வெளியிட்டிருந்தது. ஜாஸ், புளூஸ், நடனப் பாட்டு, எதுவானாலும் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் 'இயற்றியவர்: எல். பிங்க்னி' என்றே இருக்கும்.

முதலாளி லெஸ்டர் பிங்க்னிக்கு விசிலடிக்கக்கூட வராது.

சிகாகோவின் தென்பகுதியில் இது எல்லோருக்கும் தெரியும். பாட்டு வானொலிக்குப் போக வேண்டுமானால் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். சாக்ஸபோன்காரன் ஒருவன் வழக்குப் போட்ட பிறகு பிங்க்னி இன்னும் உஷார். முதலில் கையெழுத்து, அப்புறம்தான் ஒலிப்பதிவு.

அன்று புதுப் பாட்டு ஒன்றோடு எதிரே உட்கார்ந்திருந்தவன் பியானோக்காரன் ஓடெல் கிரீன்லீ.

"சார், பொடி எழுத்துலயாவது என் பேரைப் போடக் கூடாதா?"

"பொடி எழுத்தைப் படிக்க எவன்டா பூதக்கண்ணாடியோட வர்றான்? போடு கையெழுத்தை."

மேஜைமேல் இரண்டு தாள்கள். அந்தப் பாட்டில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று ஓடெல் எழுதிக் கொடுப்பது ஒன்று. அது முழுக்கத் தன் கற்பனையே என்று பிங்க்னி நோட்டரி முன் செய்த சத்தியம் மற்றொன்று.

"எந்தப் பங்கும் இல்லைன்னா, துளிகூட இல்லதானே சார்?" ஓடெல் மறுபடி கேட்டான்.

"துளிகூட இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். பிங்க்னிக்கே பாவமாகிவிட்டது. நல்ல சுருட்டாகப் பார்த்து ஒன்று கொடுத்தார்.

கோடை முடிவதற்குள் முடிதிருத்தும் கடை, மதுக்கடை எங்கும் அந்தப் பாட்டுதான்.

செப்டம்பரில் ஒரு வக்கீல் வந்தார். கூடவே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹேட்டி புரூம் என்ற அம்மாள், இறகு வைத்த தொப்பியுடன்.

"அந்தப் பாட்டு யாரோடதுங்க?" என்றார் வக்கீல்.

சண்டைக்கு வருகிற எவருக்கும் காட்டும் அந்த இரண்டு தாள்களை பிங்க்னி கம்பீரமாக நீட்டினார். வக்கீல் நிதானமாகப் படித்தார். பிறகு தன் தாளை எடுத்து வைத்தார்.

"இதே மெட்டை இந்தம்மா ரெண்டு வருஷம் முன்னாடியே வாஷிங்டன் பதிப்புரிமை ஆபீஸ்ல தன் பேர்ல பதிவு பண்ணியிருக்காங்க."

பிங்க்னி பதறி எழுந்தார். "ஐயா, நான் ஒரு வரிகூட எழுதலைங்க! அந்த ஓடெல் திருட்டுப்பயதான்..."

"அவருக்குத் துளிகூடப் பங்கில்லைன்னு எழுதி வாங்கியிருக்கீங்களே. இப்ப நீங்க பண்ணது திருட்டா, பொய்ச் சத்தியமா? எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

தட்டில் இனி ஹேட்டி புரூம் பெயர்தான் என்று, அந்த அறையில் முதல்முறையாக, பிங்க்னி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர்கள் இறங்கிப் போனதும் ஜன்னலருகே போய் நின்றார். கீழே ஓடெல், வாயில் அவர் கொடுத்த அதே சுருட்டோடு, கார் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

"பார்த்து ஏறுங்க அத்தை. உங்க பொண்ணு மீன் வறுத்து வச்சிட்டுக் காத்திருக்கா."